உதயகிரிக் கோட்டை

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ் மக்களுள் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை அறியாதார் எவரும் இரார். புதுமனை புகுவோரும், தேர்வெழுதச் செல்லும் மாணவரும், ஊருக்குப் புறப்படுவோரும் அத்திருமுன்னர் ஒரு தேங்காயை உடைத்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைப்பர். அக்கோயிலைப் பேணி வருவோர் இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த வீரர்களாவர். பிள்ளையார் கோயிலுக்கும் பட்டாளத்துக்கும் என்ன தொடர்பு என்று நம் வீட்டுச் சிறுவர் கேட்பதுண்டு. பத்மநாபபுரத்தில் காவல் புரிந்த போர்வீரர்கள் வழிபட்டு வந்த பிள்ளையாரே, 1795-ஆம் ஆண்டில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டபொழுது அவ்வீரர்களுடன் இங்கு எழுந்தருளினார் என்பது வழிவழி வரும் செய்தி.

நகரின் நடுவே பாளையம் என்னும் இடம் உள்ளது. பாளையம் என்றால் படை தங்கும் இடம் என்பது பொருள். 1813-ஆம் ஆண்டில் அங்குத் தங்கியிருந்த கும்பினிப் பட்டாளத்து முஸ்லிம் வீரர்கள் தொழுகை நடத்திய சிறு பள்ளியே ‘பட்டாளப் பள்ளி’ எனப் பெயர் பெற்று, பின்னர் இன்றைய பாளையம் பள்ளிவாசலாக வளர்ந்தது. பாங்கோட்டில் உள்ள படைமுகாமில் குளச்சலின் பெயர் தாங்கிய ஒரு திடல் இருக்கிறது. இவ்வாறு நாம் நாள்தோறும் நடந்து செல்லும் இந்நகரில் பழைய திருவிதாங்கூர்ப் படையின் சுவடுகள் பல உள்ளன. ஆயின், அப்படையை வார்த்தெடுத்த உலைக்களம் இந்நகரில் இல்லை. அது தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ளது. அதுவே உதயகிரிக் கோட்டை. விடுமுறைதோறும் நாகர்கோவிலுக்கும் அதற்கு அப்பாலும் பேருந்தில் செல்லும் நம்மவர் பலர், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் அக்கோட்டையைக் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கின்றனர். அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையின் தோற்றம்

பழைய வேணாட்டு அரசின் தலைநகராக விளங்கிய கல்குளம், மார்த்தாண்டவர்மர் காலத்தில் 1744-ஆம் ஆண்டு பத்மநாபபுரம் என்னும் பெயர் பெற்றது. வேளிமலையின் அடிவாரத்தில், வயலும் குளமும் சூழ்ந்த இடத்தில் அமைந்தது அவ்வூர். அதற்கு அண்மையில், தனித்து நிற்கும் ஒரு சிறு குன்றைச் சுற்றிப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒரு மண்கோட்டை எழுப்பப்பட்டிருந்தது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவோ, மேற்கே குளச்சல் கடற்கரை வழியாகவோ பகைவர் வருவாராயின், தலைநகரை அடையுமுன் அவர்களைத் தடுத்து நிறுத்துதற்கு இக்குன்று ஏற்ற இடமாக இருந்தது. குன்றின் மேல் நின்றால் நாற்புறமும் நெடுந்தொலைவு காணலாம்.

மண்ணாலான அம்மதிலை அகற்றிவிட்டுப் பெருங்கற்களால் புதுக் கோட்டை எழுப்பும் பணி 1741-ஆம் ஆண்டு தொடங்கி 1744-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. ஏறத்தாழ 90 ஏக்கர் நிலமும் அதனுள் ஒரு குன்றும் அடங்குமாறு மதில் வளைத்துக் கட்டப்பட்டது. இவ்வேலையை மேற்பார்த்தவர் நம் நாட்டவர் அல்லர். அதற்குச் சில திங்கள் முன்புவரை இந்நாட்டின்மேல் படையெடுத்து வந்த பகைப்படையின் தலைவர் அவர். பகைவனாக வந்தவனிடம் அரசர் தம் தலைநகரின் காவலையே ஒப்படைத்தது எங்ஙனம்? அதனை அறியக் குளச்சற் போரை அறிதல் வேண்டும்.

குளச்சற் போர்

அந்நாளில் மேலைநாட்டு வணிகர் அனைவரும் நாடி வந்த பொருள் மிளகு. ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள் 1602-ஆம் ஆண்டில் தங்கள் கிழக்கிந்தியக் கும்பினியை நிறுவி, இலங்கையிலும் கொச்சியிலும் காலூன்றி, மலையாளக் கரையின் மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். 1729-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய மார்த்தாண்டவர்மர், அண்டையிலிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாக வென்று வடக்கு நோக்கி நகர்ந்தார். மிளகு விளையும் நாடுகள் ஓர் அரசரின் ஆட்சிக்குள் சென்றால் தம் வாணிகம் குன்றும் என்று ஒல்லாந்தர் அஞ்சினர். இலங்கையின் ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் என்பவர் அரசரை அச்சுறுத்தியபொழுது, ‘எம் மீனவரைக் கொண்டு யாமும் ஐரோப்பாவின்மேல் படையெடுப்போம்’ என்று அரசர் விடை கூறினார் என்பது இன்றும் மக்கள் சொல்லி மகிழும் செய்தி.

1741-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் படை இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கி, கரையோர ஊர்களைக் கைப்பற்றிப் பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறியது. வடக்கே இருந்த அரசர் விரைந்து திரும்பினார். ஒல்லாந்தர் தம் குளச்சல் அரணுக்குள் பின்வாங்கி முற்றுகைக்கு ஆளாயினர். குளச்சற் கடற்கரை மீனவர் அரசர் படைக்குப் பெருந்துணையாய் நின்றனர் என்பதை அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். முற்றுகையின்போது அரணுக்குள் இருந்த வெடிமருந்து தீப்பற்றி வெடித்தது. உணவுக்கென வைத்திருந்த அரிசியும் எரிந்து போயிற்று. 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஒல்லாந்தர் தோல்வியை ஏற்றனர். அந்நாளில் கடலாண்ட ஓர் ஐரோப்பிய வல்லரசை ஆசிய அரசர் ஒருவர் போர்க்களத்தில் வென்ற நிகழ்ச்சி இது. அதன் நினைவாகக் குளச்சற் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது.

சிறைப்பட்டோருள் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டி லனாய். இன்றைய பிரான்சும் பெல்ஜியமும் எல்லைகொள்ளும் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தில் தோன்றியவர். ஒல்லாந்தர் கும்பினியில் படைத்தலைவராகப் பணியாற்றியவர். வென்றவர் தோற்றவரைக் கொல்லலாம், அன்றிப் பணயப்பொருள் பெற்று விடுவிக்கலாம் என்பதே அக்கால வழக்கம். மார்த்தாண்டவர்மர் இவ்விரண்டையும் செய்திலர். தம் வீரர்க்கு இல்லாத ஒரு கல்வி இச்சிறைக்கைதியிடம் இருப்பதை அவர் கண்டுகொண்டார். முதலில் சிலருக்குப் பயிற்சி அளிக்கச் செய்து பார்த்தார். பின்னர்ப் படை முழுவதையும் அவரிடம் விட்டார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கலாயினர். ஊரார் உதயகிரியை ‘டிலனாய் கோட்டை’ என்று வழங்குவதும் இதனால்தான்.

கோட்டைக்குள் நிகழ்ந்தவை

உதயகிரி வெறும் மதிலன்று. அது ஒரு படைக்கலச் சாலை, ஒரு பயிற்சிக் கூடம், ஒரு குடியிருப்பு. கோட்டைக்குள் ஓர் உலைக்களம் அமைக்கப்பட்டது. பீரங்கிகளும், அவற்றுக்குரிய குண்டுகளும் அங்கே வார்க்கப்பட்டன. பீரங்கி வார்ப்பது எளிய தொழிலன்று. அச்சில் சிறு பழுது இருப்பினும், உலோகத்தில் சிறு குமிழி இருப்பினும், முதல் வெடியிலேயே குழல் பிளந்து அதனருகில் நிற்பவரையே கொன்றுவிடும். ஆகவே உருக்குவோர், வார்ப்போர், துளையிடுவோர், வண்டி செய்யும் தச்சர் ஆகிய அனைவரும் ஒருவர் கைத்திறனை ஒருவர் நம்பி வாழ்ந்தாக வேண்டும். மேலைநாட்டு முறையை அறிந்தவர் டிலனாய். உலோகத்தை அறிந்தவர் நம் நாட்டுக் கம்மியர். இவ்விரு அறிவும் அவ்வுலையில் ஒன்று கலந்தன.

வெளியே, குன்றின் அடியில், வீரர்கள் அணிவகுத்து நடக்கவும், ஒரே ஆணைக்கு ஒருங்கே சுடவும், பீரங்கியை விரைந்து இடம் மாற்றவும் பழகினர். நாயர் வீரரும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த மறவர் படையினரும், இன்னும் பல குலத்தாரும் மார்த்தாண்டவர்மரின் படையில் இருந்தனர். தனித்தனியே வாளேந்திப் போரிட்டுப் புகழ் பெறுவது பழைய முறை. தோளோடு தோள் நின்று ஒரே உடல்போல இயங்குவது புதிய முறை. அம்முறையைக் கற்ற படை கொல்லம், காயங்குளம், செம்பகச்சேரி, தெக்கும்கூர், வடக்கும்கூர் என வடக்கே கொச்சி எல்லை வரை சென்றது. 1753-ஆம் ஆண்டில் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் இப்பகுதியின் அரசியலில் தலையிடுவதைக் கைவிட்டனர். பின்னர், தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், வடவெல்லையைக் காக்க ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமுள்ள ‘நெடுங்கோட்டை’ உருவானதிலும் டிலனாயின் பங்கு உண்டு. கன்னியாகுமரிக்கு அருகில் கடலோரம் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் செப்பமுற்றதே.

இவ்வெற்றிகளைக் கூறும்போது, வென்றவர் பெருமையை மட்டும் பேசி அமைதல் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. மறைந்துபோன சிற்றரசுகளின் மக்களுக்கு இப்படையின் வருகை துன்பமாகவே இருந்திருக்கும். உதயகிரியின் பெருங்கற்களைச் சுமந்து ஏற்றியவர் எத்துணைபேர், அவர் பெயர் யாது என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. கோட்டையின் வாயிலில் நிற்போர் அரசரையும் தளபதியையும் நினைப்பதோடு, பெயரறியா அக்கூலியாளரையும் ஒருகணம் நினைத்தல் தகும்.

நீலகண்ட பிள்ளையின் நட்பு

டிலனாய் கத்தோலிக்க சமயத்தவர். தாம் வழிபடுவதற்கென்று கோட்டைக்குள் ஒரு சிறு ஆலயம் அமைத்துக்கொள்ள அரசர் இசைந்தார். நட்டாலத்தில் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் டிலனாயோடு நட்புக் கொண்டு, துயர் நிறைந்த ஒரு காலத்தில் அவர் சொற்களால் ஆறுதல் பெற்று, 1745-ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார். அதன்பின் அவர் சிறையிடப்பட்டுக் கொடுந்துன்பங்களுக்கு ஆளாகி, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அயல்நாட்டவனைத் தளபதியாக ஏற்ற அரசு, அவன் நண்பனான தன் குடிமகனைக் காக்கத் தவறிற்று. கோட்டைத் தலைவனாக இருந்தும் டிலனாயால் தம் நண்பரை மீட்க இயலவில்லை. உதயகிரியின் வரலாற்றில் பெருமையும் துயரமும் ஒரே மதிலுக்குள் அடங்கியிருக்கின்றன.

கல்லறையில் தமிழ்

டிலனாய் மீண்டும் ஐரோப்பா செல்லவில்லை. இந்நாட்டிலேயே மணந்து, குடும்பத்தோடு உதயகிரியில் வாழ்ந்தார். அவர் மகன் ஜோஹன்னஸ் திருவிதாங்கூர்ப் படையிலேயே பணிபுரிந்து, 1765-ஆம் ஆண்டில் களக்காட்டுப் போரில் இளம் வயதில் உயிர் நீத்தார். தந்தை 1777 ஜூன் 1-ஆம் நாள் உதயகிரியிலேயே காலமானார். ஆலயத்தினுள் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மனைவியும் மகனும் அருகில் உறங்குகின்றனர். ஆலயத்தின் கூரை போயிற்று, சுவர்கள் நிற்கின்றன. கல்லறைக் கல்லும் நிலைத்திருக்கிறது.

அக்கல்லில் இருமொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று நம் தமிழ். வழிச்செல்வோரை நிற்குமாறு வேண்டி, ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையோடு தொண்டாற்றியவர் இங்கே துயில்கிறார் என்று அது தெரிவிக்கிறது. காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அரசருக்கு வென்றளித்ததையும், 62 ஆண்டும் ஐந்து திங்களும் வாழ்ந்ததையும் குறிப்பிடுகிறது.

பிள்ளைகளோடு அக்கல்லின் முன் நின்றபொழுது நமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. இலத்தீன் அவர் வழிபாட்டின் மொழி. அது பொறிக்கப்பட்டதில் வியப்பில்லை. தமிழ் ஏன்? அவர் ஆணையைக் கேட்டு நடந்த வீரரும், உலைக்களத்தில் உழைத்தோரும், அவர் இறந்தபின் அவ்வழியே செல்வோரும் படித்து அறியவேண்டும் என்பதற்காகவே அன்றோ? கைதியாக வந்தவர் இறுதியில் இம்மண்ணின் மொழியிலேயே தம்மை நினைவுகூரும் பேறு பெற்றார்.

கோட்டை கைமாறியது

டிலனாய் மறைந்த பின்னும் கோட்டை சிலகாலம் படைநிலையமாகவே இருந்தது. திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போரில் பிடிபட்ட கைதிகள் இங்கு அடைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலக் கும்பினியோடு 1795-ஆம் ஆண்டிலும் 1805-ஆம் ஆண்டிலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் திருவிதாங்கூரின் காவல் கும்பினியின் கைக்குச் சென்றது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. இச்சுமையும் ஆங்கில ரெசிடெண்டின் தலையீடும் பொறாது, தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை வெளியிட்டுக் கிளர்ந்தெழுந்தார். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் சிலையாக நிற்பவர் அவரே.

1809 பிப்ரவரி 10-ஆம் நாள் கர்னல் செயின்ட் லீஜர் தலைமையில் வந்த கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியது. பின்னர் உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றி அதன் வசமாயின. எந்தப் பகையைத் தடுப்பதற்காகப் பெருங்கற்களை அடுக்கினரோ, அப்பகை வந்தபொழுது கோட்டையின் பீரங்கிகள் முழங்கவில்லை. அரசவை தளவாயைக் கைவிட்டிருந்தது, படை சிதறியிருந்தது. மதில் அன்றுபோலவே உறுதியாகத்தான் நின்றது. மதிலுக்குப் பின்னே நிற்போரிடையே ஒற்றுமை இல்லையாயின் மதிலால் பயன் யாது? அரசர் ஒரு கைதியின்மேல் வைத்த நம்பிக்கையால் எழுந்த கோட்டை, தம்முள் நம்பிக்கை இழந்தோரிடமிருந்து பறிபோயிற்று.

அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கும்பினிப் பட்டாளம் உதயகிரியில் தங்கியிருந்தது. அவர்களும் சென்றபின் உலை அணைந்தது. கோட்டையில் காடு மண்டிற்று. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை இந்தியப் படையோடு இணைந்தது. அதன் மரபு மதராஸ் ரெஜிமென்டில் தொடர்கிறது. பழவங்காடியில் படைவீரர் விளக்கேற்றுவதன் காரணம் இதுவே.

எல்லைக்கு அப்பால்

1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், அதனைக் கேரள அரசின் தொல்பொருள் துறையே பேணி வருகிறது. நாள்தோறும் பயணிகள் அங்கே திரள்கின்றனர். அதற்கு அண்மையிலேயே உள்ள உதயகிரியோ தமிழ்நாட்டு வனத்துறையின் பொறுப்பில் பல்லுயிர்ப் பூங்காவாக விளங்குகிறது. மரமும் மானும் பறவையும் காணச் சிறுவர் வருகின்றனர்; மகிழ்ச்சியே. ஆயினும், அவருள் எத்துணைபேர் ஆலயச் சுவரருகே நின்று அக்கல்லைப் படிக்கின்றனர்?

கேரளத்தார் அதனை எல்லைக்கு அப்பாற்பட்டது எனக் கருதலாம். தமிழ்நாட்டார் அதனைத் திருவிதாங்கூர் அரசின் பழம்பொருள் எனக் கருதலாம். இருவரும் மற்றவர்க்கு உரியது என்று விட்டுவிட்டால் கோட்டை யாருடையதும் அன்றாகிவிடும். இவ்விடத்தில்தான் நம்மைப் போன்றோர்க்கு ஒரு கடமை உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரி விழாவுக்காகப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லையைக் கடந்து இந்நகருக்கு எழுந்தருள்கின்றனர். இரு மாநிலத்தாரும் அவர்களை வரவேற்கின்றனர். மாநில எல்லை நிலத்தைப் பிரிக்கலாம். நினைவைப் பிரித்தல் இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நாம் தமிழ் பேசி, மலையாளம் கேட்டு, இரு மொழியாலும் வாழ்பவர்கள். சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், வலியசாலையிலும், புதிய குடியிருப்புகளிலும் நம் குடும்பங்கள் வேரூன்றியுள்ளன. நம்முள் பலர் பிழைப்பு நாடி வந்தவர். சிலர் பணிமாற்றத்தால் வந்தவர். வந்த இடத்தில் நாம் யார் என்னும் கேள்வி சிற்சில வேளைகளில் நம் உள்ளத்தில் எழுவதுண்டு. அக்கேள்விக்கு உதயகிரியின் கல்லறை ஒரு விடை கூறுகிறது. மண்ணுக்குரியவன் யார் என்பதைப் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அம்மண்ணில் ஒருவன் ஆற்றிய உழைப்பும் அவன் காத்த உண்மையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அவ்வுழைப்பை ஏற்கும் பெருமனமும் அம்மண்ணின் மக்களிடம் இருத்தல் வேண்டும். இரண்டும் கூடியவழியே கோட்டை எழும்.

ஆகவே, அன்பர்களே! அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது, களியக்காவிளையும் மார்த்தாண்டமும் கடந்து தக்கலையில் இறங்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனையைக் காணுங்கள். அதனோடு அமையாது புலியூர்க்குறிச்சிக்கும் செல்லுங்கள். நம் பிள்ளைகளை அக்கல்லின் முன் நிறுத்தி, அதிலுள்ள தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டுங்கள். வழிச்செல்வோரை நிற்குமாறு அக்கல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வேண்டி நிற்கிறது. நாம் ஒருமுறையேனும் நிற்போமாக.